60 தாண்டினால் ஐரோப்பாவில் பஸ், ரயில் எல்லாம் இலவசமா?

கேள்வி | 3 நவம்பர் 2025, காலை 8.40

"ஐரோப்பாவில் 60 வயது தாண்டியவர்களுக்குப் பஸ், ரயில் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. எவ்வளவு உண்மை? பெற்றோர் ஏப்ரல் கடைசியில் திருச்சியிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 68. அம்மாவுக்கு 2026 மே 9 அன்று 65 நிறைகிறது. இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட். பாரிஸில் நான்கு நாள், மே 6 முதல் 8 வரை பிராக், மே 9 முதல் 11 வரை புடாபெஸ்ட், அங்கிருந்து லண்டனில் சித்தி வீட்டில் மூன்று வாரம். எங்கே என்ன அட்டை எடுக்க வேண்டும்? சித்தி ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார், 1960 ஏப்ரல் 20-ல் பிறந்தவர். அவருக்கு ஃப்ரீடம் பாஸ் (லண்டன் முதியோருக்கான இலவசப் பயண அட்டை) எப்போது கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். பதில் எழுதுபவர்கள் பெயருக்குப் பதில் உங்கள் ஊரைப் போடுங்கள்.

ஈஸ்ட் ஹாம் | 3 நவம்பர், காலை 9.25

தவறான தகவல். ஐரோப்பா முழுமைக்கும் ஒரே முதியோர் சலுகை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் மூன்றைப் பார்க்க வேண்டும்: வயது என்ன, வீடு எங்கே, பாஸ்போர்ட் எந்த நாடு. சில ஊர்களில் வயது மட்டும் போதும். சில ஊர்களில் வயதோடு அந்த ஊர் முகவரியும் வேண்டும். சில நாடுகளில் வயதோடு ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும்.

லண்டன் இரண்டாவது வகை. அதனால் உங்கள் பெற்றோருக்கு இங்கே எந்தச் சலுகையும் இல்லை. சித்திக்கு உண்டு, 66 நிறையும் 2026 ஏப்ரல் 20 அன்று.

ஈஸ்ட் ஹாம் | 3 நவம்பர், மதியம் 1.10

லண்டன் விஷயத்தை விரிவாக எழுதிவிடுகிறேன். இங்கே இரண்டு அட்டைகள், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

60 நிறைந்ததும் கிடைப்பது 60 பிளஸ் ஓய்ஸ்டர். 2012 நவம்பரில் வந்தது. லண்டன் போக்குவரத்துக் கழகம் கொடுக்கிறது, விண்ணப்பக் கட்டணம் உண்டு. அட்டை கையில் இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை முகவரிச் சரிபார்ப்பு நடக்கும், அதற்கும் கட்டணம். அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் அட்டை நின்றுபோகும்.

அரசு ஓய்வூதிய வயது வந்ததும் கிடைப்பது ஃப்ரீடம் பாஸ். 1973 முதல் இருக்கிறது. இதற்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. லண்டனின் 33 உள்ளாட்சிகளும் பணம் போடுகின்றன. லண்டனில் உங்கள் முதன்மையான வீடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பாஸ்போர்ட் எந்த நாடு என்று பார்ப்பதில்லை. ஓய்வூதியம் உண்மையிலேயே வாங்குகிறீர்களா என்றும் பார்ப்பதில்லை. "எனக்குப் பென்ஷன் வராது, பாஸ் கேட்க முடியாது" என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் நம்மவர்களில் நிறைய. ஓய்வூதிய வயதைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.

நேரம்: இரண்டு அட்டைகளுக்கும் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே இலவசம். டியூப் எனப்படும் சுரங்க ரயில், பஸ், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன், டிஎல்ஆர் ஆகிய நகர ரயில்கள் எல்லாவற்றுக்கும் இதே. அதிகாலை 4.30 முதல் 9 வரை செல்லாது. 2020 ஜூனில் தற்காலிகம் என்று கொண்டுவந்து, 2023 ஜனவரியில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். நாடு முழுவதும் ஓடும் நேஷனல் ரயில் வண்டிகளில் பெரும்பாலும் 9.30-க்கு மேல். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை நாட்களில் எந்நேரமும்.

இந்தக் காலை 9 மணி விதி வயதானவர்களைக் கடிக்கும் இடம் மருத்துவமனை. 9.15-க்கு ரத்தப் பரிசோதனை என்றால் 8.30-க்குப் புறப்பட வேண்டும், அந்தப் பயணத்துக்குக் காசு. நேரம் குறிக்கும்போதே "10 மணிக்கு மேல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது நல்லது.

வெம்பிளி | 3 நவம்பர், இரவு 8.50

ஈஸ்ட் ஹாம் அண்ணா, சித்தியின் தேதி தவறு. ஓய்வூதிய வயது 66-லிருந்து 67-க்கு ஏறத் தொடங்குவதே 2026 ஏப்ரலில்தான். 1960 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கு 66. 1960 ஏப்ரல் 6 முதல் மே 5 வரை பிறந்தவர்களுக்கு 66 வயதும் 1 மாதமும். அடுத்த மாதக்காரர்களுக்கு 66-உம் 2 மாதமும். இப்படியே மாதத்துக்கு ஒரு மாதமாக ஏறி, 1961 மார்ச் 6 முதல் பிறந்தவர்களுக்கு முழு 67.

ஏப்ரல் 20-ல் பிறந்த சித்திக்கு 2026 மே 20. அதுவரை 60 பிளஸ் ஓய்ஸ்டரைத் தூக்கிப் போட வேண்டாம்.

ஈஸ்ட் ஹாம் | 3 நவம்பர், இரவு 9.05

சரி, வெம்பிளி சொல்வதுதான் சரி. மே 20. முதியோர் இலவச பஸ் பாஸ் வயதும் ஓய்வூதிய வயதோடு கட்டப்பட்டிருப்பதால் இங்கிலாந்து முழுவதற்கும் இதே கணக்கு. 2010 ஏப்ரல் வரை 60-ஆக இருந்தது. அதன்பிறகு பெண்களின் ஓய்வூதிய வயதோடு சேர்த்து ஏற்றிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு முறை வயது ஏறும்போதும் பஸ் பாஸும் தள்ளிப்போகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

டப்ளின் | 4 நவம்பர், காலை 7.30

அயர்லாந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் இங்கேதான் தாராளம். 1967-ல் தொடங்கிய திட்டம். 66 நிறைந்து, சட்டப்படி இங்கே வசிப்பவராக இருந்தால் ரயில், டார்ட் (டப்ளின் புறநகர் ரயில்), லூவஸ் (டப்ளின் ட்ராம்), டப்ளின் பஸ், ஊர் விட்டு ஊர் போகும் பஸ் ஏரன் எல்லாம் இலவசம். வருமானம் பார்ப்பதில்லை. காலை நேரத் தடை இல்லை.

பொதுச் சேவை அட்டையின் முகப்பில் இலவசப் பயணக் குறியீடு அச்சாகியிருக்கும். அட்டைக்காரருக்கு மட்டுமா, கணவன் அல்லது மனைவிக்கும் சேர்த்தா, துணைக்கு வரும் ஒருவருக்குமா என்பதை அந்தக் குறியீடே சொல்லும். உதாரணத்துக்கு அப்பா 67, அம்மா 63 என்றால் அப்பாவின் அட்டையிலேயே அம்மாவும் இலவசமாகப் போகலாம், ஆனால் கூடவே போக வேண்டும். அம்மா தனியாகப் போனால் டிக்கெட்.

ஊருக்கு ஊர் ரயிலில் இடம் முன்பதிவு செய்யச் சிறு கட்டணம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை கார்க், கால்வே வண்டிகளில் முன்பதிவு இல்லாமல் ஏறினால் நின்றுகொண்டு போக நேரும். விமான நிலையத்துக்கு ஓடும் தனியார் சொகுசுப் பஸ்கள் எல்லாம் இந்தத் திட்டத்தில் இல்லை, ஏறுமுன் கேளுங்கள்.

டப்ளின் | 4 நவம்பர், காலை 7.45

விட்டுப்போனது: எல்லை தாண்டுவது. வட அயர்லாந்தில் 60-லேயே ஸ்மார்ட்பாஸ் என்ற இலவசப் பயண அட்டை கிடைக்கும், ஆனால் அது வடக்குக்குள் மட்டும். 65 நிறைந்து சீனியர் ஸ்மார்ட்பாஸாக மாறிய பிறகுதான் தெற்கேயும் செல்லும். பெல்ஃபாஸ்டிலிருந்து 62 வயதில் டப்ளின் ரயிலில் இலவசமாக ஏறலாம் என்று நினைத்து வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கிளாஸ்கோ | 4 நவம்பர், மாலை 6.15

ஸ்காட்லாந்து: 60 நிறைந்து இங்கே வசித்தால் போதும், பஸ் இலவசம், நேரத் தடை இல்லை. 2006 முதல். ஊருக்குள் ஓடும் பஸ் மட்டுமில்லை, சிட்டிலிங்க் போன்ற நெடுந்தொலைவுப் பஸ்களும் இதில் அடக்கம். கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வழியாக ஸ்கை தீவு வரை ஒரு பென்னி இல்லாமல் போகலாம். கோடையில் அந்த வண்டிகள் நிறைந்துவிடும், இடத்தை முன்பே பதிவு செய்யுங்கள்.

கவனிக்க: ஸ்காட்லாந்து அட்டை இங்கிலாந்தில் செல்லாது. இங்கிலாந்து அட்டை இங்கே செல்லாது. வேல்ஸ் அட்டையும் அப்படியே (அங்கேயும் 60 வயது, 2002 முதல்). எல்லையோர ஊர்களில் சில வழித்தடங்களுக்கு மட்டும் விலக்கு. லண்டனிலிருந்து மகளைப் பார்க்க எடின்பரா வரும் பெரியவர் ஃப்ரீடம் பாஸை நீட்டுவார், ஓட்டுநர் தலையாட்டுவார். வாரம் தவறாமல் நடக்கிறது.

ஈஸ்ட் ஹாம் | 4 நவம்பர், இரவு 10.00

கிளாஸ்கோ சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். இங்கிலாந்துக்குள் ஃப்ரீடம் பாஸ் எந்த ஊர் உள்ளூர்ப் பஸ்ஸிலும் செல்லும். அட்டையில் ரோஜாக் குறி இருக்கும், அதுதான் தேசிய அடையாளம். 2008 ஏப்ரல் 1 முதல் இப்படி. வெளியூர்களில் வார நாட்களில் காலை 9.30 முதல் இரவு 11 வரை. ஆனால் 60 பிளஸ் ஓய்ஸ்டரில் அந்த ரோஜா கிடையாது. அது லண்டனுக்குள் மட்டும். பிரைட்டனில் இறங்கிப் பஸ்ஸில் 60 பிளஸ் கார்டைக் காட்டுவது வீண்.

உள்ளூர்ப் பஸ் என்றால் என்ன என்பதற்கும் விதி இருக்கிறது. பாதிக்கு மேல் இருக்கைகளை முன்பதிவு செய்யக்கூடிய வண்டியில் பாஸ் செல்லாது. சுற்றுலாப் பஸ்ஸிலும் செல்லாது. அதனால்தான் நேஷனல் எக்ஸ்பிரஸ் என்ற நெடுந்தொலைவுப் பஸ்ஸில் இலவசம் இல்லை. அங்கே 60 நிறைந்தவர்களுக்குத் தனி கோச்கார்டு, மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.

சில ஊர்கள் தங்கள் செலவில் கூடுதலாகக் கொடுக்கின்றன. லிவர்பூல் வட்டாரத்தில் 60-லேயே பாஸ், அதில் உள்ளூர் ரயிலும் மெர்சி ஆற்றுப் படகும்கூட உண்டு. பக்கத்து உள்ளாட்சியில் அது இருக்காது.

கேள்வி கேட்டவர் | 5 நவம்பர், காலை 8.00

நன்றி. ஒன்று புரியவில்லை. வெளியூர்க்காரருக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? வயதானவர் வயதானவர்தானே.

ஈஸ்ட் ஹாம் | 5 நவம்பர், காலை 9.40

இலவசம் என்பது பயணிக்கு மட்டும்தான். பஸ் நடத்தும் நிறுவனத்துக்கு யாரோ பணம் கொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் அது உள்ளாட்சி. பஸ் எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் ஏறினீர்களோ அந்த உள்ளாட்சி அந்தப் பயணத்துக்கு நிறுவனத்துக்கு ஈடு தருகிறது. முழு டிக்கெட் விலை இல்லை. இலவசம் என்பதாலேயே கூடுதலாக நடக்கும் பயணங்களைக் கழித்து, நிறுவனத்துக்கு லாபமும் வரக்கூடாது, நட்டமும் வரக்கூடாது என்ற அளவில் கணக்குப் போடுகிறார்கள். 2000-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டமும், 2007-ன் சலுகைப் பஸ் பயணச் சட்டமும் இதற்கு அடிப்படை. உள்ளாட்சியின் பணம் என்பதால் முகவரி கேட்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். கார்டை ரீடரில் தொட வேண்டும். ஓட்டுநர் பழகிய முகம் என்று "போங்கம்மா" எனக் கையசைத்தாலும் தொடுங்கள். தொடாத பயணம் கணக்கில் ஏறாது, நிறுவனத்துக்குப் பணம் வராது. கிராமத்துப் பஸ் ஒன்றில் பத்துப் பெரியவர்கள் தினமும் தொடாமல் போனால், கணக்கில் அந்த வழித்தடம் காலியாக ஓடுவதாகவே தெரியும். எந்த வழித்தடத்தை வெட்டலாம் என்று பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

வெம்பிளி | 5 நவம்பர், மாலை 7.20

தொடுவது பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஃப்ரீடம் பாஸையும் வங்கிக் கார்டையும் ஒரே பர்ஸில் வைத்துப் பர்ஸோடு தொடக் கூடாது. ரீடர் எதைப் படிக்கிறதோ அதற்குக் கணக்கு. உள்ளே போகும்போது வங்கிக் கார்டையும் வெளியே வரும்போது பாஸையும் படித்தால், முடியாத பயணமாகப் பதிவாகி அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். பாஸுக்குத் தனி உறை வையுங்கள். பெரியவர்கள் வங்கிக் கணக்கைத் தினமும் பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் மகனோ மகளோ பார்க்கும்போதுதான் தெரிகிறது. பிடித்த பணத்தைப் போக்குவரத்துக் கழகத்திடம் கேட்டுத் திரும்பப் பெறலாம், ஆனால் நாள் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், லண்டனுக்கு வரும் வெளிநாட்டுப் பெற்றோருக்கு "எந்தச் சலுகையும் இல்லை" என்று அண்ணா முதலில் எழுதினாரே, அது முழுக்கச் சரியில்லை. சீனியர் ரெயில்கார்டு இருக்கிறது. 60 நிறைந்த யாரும் வாங்கலாம். முகவரி, குடியுரிமை எதுவும் தடையில்லை, பாஸ்போர்ட்டில் வயது தெரிந்தால் போதும். ஓராண்டுக்கு 35 பவுண்ட், மூன்றாண்டுக்கு 80. நேஷனல் ரயில் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

இதை ஓய்ஸ்டர் கார்டிலும் ஏற்றலாம். செய்ய வேண்டியது:

முதலில் சாதாரண ஓய்ஸ்டர் கார்டு (பணம் ஏற்றித் தொட்டுப் பயணிக்கும் அட்டை) வாங்குங்கள். ரெயில்கார்டையும் அதையும் எடுத்துக்கொண்டு டியூப் நிலையத்துக்குப் போய் ஊழியரிடம் "ரெயில்கார்டை இதில் ஏற்றுங்கள்" என்று கேளுங்கள். டிக்கெட் இயந்திரத்தில் அவரே செய்துகொடுப்பார், கட்டணம் இல்லை. அதன்பிறகு நெரிசல் இல்லாத நேரத்தில் டியூப் கட்டணமும், அந்த நேரத்துக்கான நாள் உச்சவரம்பும் (ஒரு நாளில் அதிகபட்சமாகப் பிடிக்கும் தொகை) மூன்றில் ஒரு பங்கு குறையும். நெரிசல் நேரம் என்பது வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30, மாலை 4 முதல் 7. பஸ்ஸுக்குக் குறையாது. வங்கிக் கார்டிலோ போனிலோ இதை ஏற்ற முடியாது, ஓய்ஸ்டர்தான்.

ஈஸ்ட் ஹாம் | 5 நவம்பர், இரவு 9.30

ஆமாம், அதை விட்டுவிட்டேன். ஆனால் வாங்குமுன் கணக்குப் பாருங்கள். 35 பவுண்டைத் திரும்ப எடுக்க, தள்ளுபடி இல்லாத விலையில் 105 பவுண்டுக்கு டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். லண்டனுக்குள் மட்டும் சுற்றினால் கைக்கு வருவது கொஞ்சம்தான். ஈஸ்ட் ஹாமிலிருந்து மத்திய லண்டன் போய்வரும் ஒருவருக்கு 1 முதல் 3 வரையான கட்டண மண்டலங்களின் (லண்டனை மையத்திலிருந்து வெளியே எண்ணிட்டுப் பிரித்திருக்கிறார்கள்) நாள் உச்சவரம்பு 2025 மார்ச் கட்டணப்படி 10.50 பவுண்ட். அதில் மூன்றில் ஒன்று 3.50. உச்சவரம்பைத் தொடும் அளவுக்குப் பத்து நாள் சுற்றினால்தான் கார்டு விலை வரும். வயதானவர்கள் வெயிலோ மழையோ பார்த்து வாரம் இரண்டு நாள் வெளியே போவார்கள், அவ்வளவுதான்.

யார்க், பாத், எடின்பரா என்று ஒரு நீண்ட ரயில் பயணம் திட்டத்தில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், ஒரே பயணத்தில் பெரும்பங்கு வந்துவிடும். இல்லையென்றால் பஸ் போதும். ஒரு ஏற்றம் 1.75 பவுண்ட், முதல் தடவை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசு, நாளுக்கு 5.25-க்கு மேல் போகாது. படி ஏறி இறங்க வேண்டியதில்லை, ஊரும் கண்ணுக்குத் தெரியும்.

ரெயில்கார்டில் ஒரு தடை: லண்டன், தென்கிழக்கு வட்டத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் பயணம் என்றால் வார நாட்களில் காலை நெரிசல் நேரத்தில் செல்லாது.

லாச்சப்பல் | 6 நவம்பர், காலை 6.50

பாரிஸ். நாலு நாளுக்கு வாற பெற்றோருக்கு மெட்ரோவில வயதுக்கென்று ஒரு தள்ளுபடியும் இல்லை. 2025-ல மெட்ரோ, ரெயினுக்கு ஒரே விலை 2.50 யூரோவாகவும் பஸ், ட்ராம் 2 யூரோவாகவும் இருந்தது. விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட், 2025-ல 13 யூரோவாக இருந்தது. சாதாரண டிக்கெட்டோட ஆர்இஆர் என்ற புறநகர் ரெயினில ஷார்ல் து கோல் விமான நிலையம் வரை போய் இறங்கினால் தண்டம். பெரியவர் என்று பார்த்து விடமாட்டினம்.

62 நிறைஞ்சவர்களுக்குப் பாதி விலையில நவிகோ சீனியர் என்ற பயண அட்டை இருக்கு. ஆனால் அது ஆண்டுச் சந்தா. பாரிஸும் சுற்றுப்புறமும் சேர்ந்த இல் து பிரான்ஸ் வட்டாரத்தில வசிக்க வேணும், வேலை செய்யாதவராகவோ அரைநேரத்துக்குக் குறைவாகச் செய்பவராகவோ இருக்க வேணும். வந்து போறவைக்குச் சரிவராது.

வெளியூருக்கு ரெயினில போறதென்றால் காத் அவான்தாஜ் சீனியர் என்ற தள்ளுபடிக் கார்டைப் பாருங்கோ. 60 நிறைஞ்ச யாரும் வாங்கலாம், ஆண்டுக்கு 49 யூரோ, தேஜேவே இனுயி என்ற அதிவேக வண்டிகளில 30 விழுக்காடு குறையும். 27 முதல் 59 வயது வரையானவர்களின்ர கார்டில வார இறுதி நிபந்தனை இருக்கு, சீனியர் கார்டில அது இல்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் 4 முதல் 11 வயது வரை மூன்று பிள்ளைகளுக்கு 60 விழுக்காடு தள்ளுபடி. உண்மையான லாபம் அதில்தான். மலிவு வண்டியான உய்கோவில இந்தக் கார்டு செல்லாது.

வெம்பிளி | 6 நவம்பர், இரவு 9.10

பிராக், புடாபெஸ்ட் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் விதி நேர்மாறு.

பிராகில் வயது மட்டும்தான். 65 நிறைந்தால் நகரத்துக்குள் மெட்ரோ, ட்ராம், பஸ் இலவசம். எந்த நாட்டுக்காரரானாலும் சரி. அட்டை எடுக்க வேண்டாம், பதிவு வேண்டாம். படமும் பிறந்த தேதியும் உள்ள அரசு அடையாள ஆவணம் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டுப் போனில் படம் வைத்துக்கொண்டு போகாதீர்கள்; பரிசோதகர் அசலைத்தான் கேட்பார். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவுக்கு வரும் 59-ஆம் எண் டிராலிபஸ்ஸும் நகர மண்டலத்துக்குள்தான், அதுவும் இலவசம். நகரத்துக்கு வெளியே போகும் ரயிலுக்கு வேறு கணக்கு: நாடு முழுவதும் 65 நிறைந்தவர்களுக்குப் பாதி விலை. 2018-ல் 75 விழுக்காடு தள்ளுபடியாக இருந்தது, 2022 ஏப்ரலில் 50 ஆக்கிவிட்டார்கள். பழைய பதிவுகளைப் படித்துவிட்டுப் போனால் ஏமாற்றம்தான்.

ஹங்கேரியில் 65 நிறைந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு உள்ளூர் வண்டி, அரசு ரயில் இரண்டுமே இலவசம். விரைவு ரயிலில் துணைக் கட்டணமும் இருக்கைக் கட்டணமும் மட்டும் கட்ட வேண்டும். இங்கே பார்ப்பது பாஸ்போர்ட்டை. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவருக்கு இலவசம். இந்திய பாஸ்போர்ட்டோடு வரும் உங்கள் அப்பாவுக்கு டிக்கெட். வாட்ஸ்அப்பில் வரும் "புடாபெஸ்டில் 65-க்கு மேல் இலவசம்" என்ற வரியில் இந்தப் பாதி காணாமல் போயிருக்கும்.

கிளாஸ்கோ | 7 நவம்பர், மாலை 5.30

வயது மட்டும் போதும் என்ற வகையில் இன்னும் சில: வார்சாவில் 70 நிறைந்தால் நகரப் போக்குவரத்து இலவசம். போர்ச்சுகல் அரசு ரயிலில் 65-க்கு மேல் பாதி விலை. நார்வேயில் 67-க்கு மேல் பாதி விலை. லக்சம்பர்க்கில் வயதே கேட்பதில்லை: 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பஸ், ட்ராம், ரயில் எல்லாருக்கும் இலவசம், இரண்டாம் வகுப்பில். முதல் வகுப்புக்குக் காசு. எல்லை தாண்டி ட்ரியருக்கோ தியோன்வில்லுக்கோ போனால் எல்லையிலிருந்து டிக்கெட் வேண்டும்.

டப்ளின் | 7 நவம்பர், இரவு 8.00

ஜெர்மனி பற்றி யாரும் எழுதவில்லை. அங்கே நாடு தழுவிய முதியோர் இலவசம் கிடையாது. டாய்ச்லாண்ட் டிக்கெட்தான் எல்லாருக்கும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-ல் 58, 2026 ஜனவரி முதல் 63. உள்ளூர் வண்டிகளும் வட்டார ரயில்களும் நாடு முழுக்க. ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தொலைவு வண்டிகளில் செல்லாது. இது மாதச் சந்தா. நிறுத்த வேண்டும் என்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். பெற்றோருக்காக ஒரு மாதத்துக்கு எடுத்துவிட்டு மறந்துவிட்டால் அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். வாங்கிய அன்றே நிறுத்தல் தேதியை எழுதிவையுங்கள்.

பெல்ஜியத்தில் 65-க்கு மேற்பட்டவர்களின் மலிவு ரயில் டிக்கெட் பெயர் பெற்றது. 2025 அக்டோபர் 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அட்டை ஒன்று வாங்கி, நெரிசல் இல்லாத நேரத்தில் தள்ளுபடி பெற வேண்டும். ஃபிளாண்டர்ஸில் பஸ்ஸும் 65-க்கு மேல் இலவசமாக இருந்தது, 2015-ல் நின்றது. வந்த சலுகை போகவும் செய்யும்.

ஈஸ்ட் ஹாம் | 8 நவம்பர், காலை 10.15

விண்ணப்பங்களில் நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தடங்கலைச் சொல்ல வேண்டும்: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். வங்கிக் கடிதத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும். கவுன்சில் வரி ரசீது மகன் பெயரில் இருக்கும். இணையத்தில் ஏற்றினால் வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் ஒரே ஆளுடையது என்று ஏற்க மாட்டார்கள், திரும்பிவிடும்.

எனவே விண்ணப்பிக்கும் பெரியவரின் சொந்தப் பெயரில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே வரிசையில் வரும் கடிதம் ஒன்றை முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்ளுங்கள். எளிது வங்கி: கிளைக்குப் போய்ப் பெயரை பாஸ்போர்ட்படி திருத்தச் சொல்லிவிட்டு, அடுத்த மாத அறிக்கையைத் தாளில் அனுப்பச் சொல்லுங்கள். இதற்கே ஆறு வாரம் ஆகலாம். சித்திக்கு மே 20 என்றால் மார்ச் கடைசியில் தொடங்குங்கள்.

படம்: வெறும் சுவர்ப் பின்னணி, நிழல் விழக்கூடாது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கண் மறைந்த படம்தான் அதிகம் திரும்புகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

ஈஸ்ட் ஹாம் | 8 நவம்பர், காலை 10.40

பாஸ் வந்த பிறகு சித்தி ரெடிங் பக்கம் யாரையாவது பார்க்கப் போவார் என்றால்: எலிசபெத் லைன் வண்டியில் ரெடிங் வரை ஃப்ரீடம் பாஸ் செல்லும். அதே லண்டன் பாடிங்டன் நிலையத்தில் இருந்து கிளம்பும் வேக வண்டியில் ரெடிங்குக்குச் செல்லாது. நிலையம் ஒன்று, ஊர் ஒன்று, வண்டி வேறு. ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் அப்படியே: எலிசபெத் லைன், பிக்காடில்லி லைன் சரி, ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் இல்லை.

லண்டன் எல்லை தாண்டி வேறு ரயிலில் போக முழு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. பாஸ் செல்லும் பகுதியின் ஓரமான ஆறாம் மண்டல எல்லையிலிருந்து போகும் ஊர் வரைக்கும் மட்டும் டிக்கெட் கேளுங்கள். நிலைய கவுன்ட்டரில் "பவுண்டரி ஸோன் சிக்ஸ்" என்று சொன்னால் புரியும். ரெயில்கார்டு இருந்தால் அதற்கும் மூன்றில் ஒன்று குறையும். வண்டி எல்லை நிலையத்தில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. இணையத்தில் இந்த டிக்கெட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம், கவுன்ட்டர்தான் வழி.

கேள்வி கேட்டவர் | 9 நவம்பர், மாலை 4.00

எழுதி வைத்துக்கொண்டேன். லண்டனில் அப்பா, அம்மாவுக்குப் பஸ் மட்டும், ரெயில்கார்டு வேண்டாம். பாரிஸில் சாதாரண டிக்கெட். பிராகில் இருவருக்கும் இலவசம். புடாபெஸ்டில் இருவருக்கும் டிக்கெட். சித்திக்கு மே 20. சரிதானே?

வெம்பிளி | 9 நவம்பர், மாலை 4.35

பிராக் வரியைத் திருத்துங்கள். அம்மாவுக்கு மே 9-ல்தானே 65 நிறைகிறது? நீங்கள் பிராகில் இருப்பது மே 6 முதல் 8 வரை. அந்த மூன்று நாளும் அவருக்கு 64, டிக்கெட் வாங்க வேண்டும். அப்பாவோடு போனாலும் அப்பாவின் வயது அவருக்கு உதவாது.

புடாபெஸ்டில் உங்களுக்கு எப்படியும் சலுகை இல்லை. பாரிஸிலிருந்து முதலில் அங்கே போய்விட்டு, மே 9 காலை பிராக் வந்து சேருங்கள். டிக்கெட்டுகள் இன்னும் எடுக்கவில்லை என்றால் மாற்றுவது சுலபம்.

கேள்வி கேட்டவர் | 9 நவம்பர், மாலை 4.50

இன்னும் எடுக்கவில்லை. மாற்றிவிடுகிறேன்.